உப்பு தொடாத இரும்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் சனிக்கிழமை, முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு வாசலில் நின்றிருந்த காரின் மேல் இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றினேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் ஊற்றினேன். 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங். குங்குமச் சிவப்பு, எட்டு சிலிண்டர் எஞ்சின், வெயிலில் பார்த்தால் கண் கூசும். முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே சீப்புப் பற்களைப் போல வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றுக்குள் கெண்டியிலிருந்து தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டேன். என்னோடு வந்திருந்த நண்பர் மதுரைக்காரர், வேலையில் எனக்கு இளையவர். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணா, என் நெற்றியில் சொட்டுகிறது" என்றார்.

அந்தத் துளைகள் காருக்குள் காற்று வருவதற்காக வைத்தவை. காற்று வரும் வழியில் மழையும் வரும். வருகிற நீர் ஒரு மூடிய தகட்டு அறையில் விழுந்து, இரு ஓரங்களிலும் வழிந்து, மட்கார்டுக்குப் பின்னால் தரையில் இறங்கிவிட வேண்டும். அந்த அறைக்குள் கை நுழையாது, பிரஷ் நுழையாது. காய்ந்த இலையும் மண்ணும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து வருடத்தில் தகடு ஓட்டையாகி, நீர் காலடிக் கம்பளத்துக்குள் இறங்கும். கம்பளம் ஈரத்தை மறைத்துவிடும். அதைச் சரிசெய்ய மட்கார்டுகளைக் கழற்றி, தொழிற்சாலையில் வைத்த பற்றவைப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, மேல்தகட்டையே பெயர்க்க வேண்டும். பெயிண்ட் அடித்து விற்கிறவர்கள் யாரும் அந்த வேலைக்குப் போவதில்லை.

ஒரு சொட்டிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் காந்தத்தை எடுத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினேன். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம். கதவில் பிடித்தது, கூரையில் பிடித்தது. பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து இறங்கும் தகட்டில் வைத்தபோது வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, பட்டி மட்டுமே. யாரோ ஒருவர் பொறுமையாக, அழகாக, ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். அந்தக் கைவேலையை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதே உழைப்பைப் புதிய தகடு வெட்டிப் பற்றவைப்பதில் செலவிட்டிருக்கலாம்.

கடைசியாக வண்டி எண்ணைப் பார்த்தேன். நம்பர் பலகை எண் அல்ல, தொழிற்சாலையில் காரிலேயே பொறிக்கும் அடையாள எண். இடதுபக்க மட்கார்டின் உள்சுவரில், பானட்டைத் தூக்கினால் தெரியும்படி அடித்திருப்பார்கள். இன்றைய கார்களில் பதினேழு எழுத்து. 1965இல் பதினொன்றுதான். ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. முதலில் 5 என்றால் 1965. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்போர்ன், ஆர் என்றால் சான் ஹொசே, டி (T) என்றால் நியூ ஜெர்சியின் மெட்டுச்சன். பிறகு 07 என்றால் கெட்டிக் கூரை, 08 என்றால் மடக்குக் கூரை, 09 என்றால் பின்புறம் சரிந்த கூரை. ஐந்தாவதாக வருவது எஞ்சின். அங்கேயும் டி (T) என்று இருந்தது. எஞ்சின் இடத்தில் டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். பானட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததோ எட்டு சிலிண்டர். "எண்கள் எல்லாம் ஒத்துப்போகும்", அதாவது இந்தக் காரோடு பிறந்த எஞ்சின்தான், என்று விற்பவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். காட்டியதும் அவர் முகம் சுண்டிப்போனது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் வாங்கியபோது யாரோ சொன்னதைத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் துருவைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கார்த் தொழிலை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்களுடையதும் அவற்றில் ஒன்று. என் வேலை, கார்ப் பாகங்களை உப்பு மூடுபனிப் பெட்டிக்குள் வைத்து, எத்தனை மணி நேரத்தில் எந்த விளிம்பிலிருந்து துரு கிளம்புகிறது என்று பார்ப்பது. ஐந்து சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி வெப்பம், நாள்கணக்கில். ஆய்வகத்தில் பெட்டிக்குள் நடப்பதை இந்த மிச்சிகன் மாநிலம் வருடத்தில் நான்கைந்து மாதம் திறந்தவெளியில் நடத்துகிறது. பனி விழுந்தால் சாலையெல்லாம் உப்பு. அந்த உப்புக்கு வெளியூர் போகவும் வேண்டாம். டெட்ராய்ட்டுக்கும் டியர்போர்னுக்கும் அடியில், 1,100 அடிக்கும் கீழே, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மஸ்டாங்கை வார்த்தெடுத்த ரூஜ் தொழிற்சாலை நிற்பதும் அதே டியர்போர்னில்தான். காரைச் செய்த மண்ணே அந்தக் காரைத் தின்கிற உப்பையும் வைத்திருக்கிறது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இந்தக் கார்களின் மேல் ஒரு பரிதாபமும் பற்றும் உண்டாகிவிட்டன.

அதனால் எனக்கு வேண்டியது என்ன என்பதில் குழப்பம் இருக்கவில்லை. உப்பைப் பார்க்காத ஒரு மஸ்டாங் வேண்டும். எஞ்சின் எதுவானாலும் சரி.

மஸ்டாங்தான் ஏன் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் என்ற விலையோடு அறிமுகமான கார் அது. ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தையும் எஞ்சினையும் எடுத்து, நீண்ட பானட்டும் குட்டையான பின்புறமும் கொண்ட உடலை அதன்மேல் பூட்டினார்கள். ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வாங்கக்கூடிய அழகான கார். 1965 மாடலில் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் விற்றது. அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை ஆறு சிலிண்டர் எஞ்சினோடு, அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் போய்வர வாங்கப்பட்டவை. சேகரிப்பாளர்கள் கூட்டம் எட்டு சிலிண்டரின் பின்னால் ஓடியதில் அந்த ஆறு சிலிண்டர் கார்கள் எஞ்சின் மாற்றப்பட்டன, அல்லது உதிரிபாகத்துக்காக உடைக்கப்பட்டன. மாறாமல் மிஞ்சிய ஒன்றைத்தான் பாதுகாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காலத்தில் சாதாரண மனிதர்கள் அன்றாடம் ஓட்டிய கார் அதுதானே.

இன்னொரு காரணமும் உண்டு. மஸ்டாங்குக்கு இன்று கிடைக்காத பாகமே இல்லை. கதவுக் கைப்பிடி, இருக்கை உறை, முத்திரை, மட்கார்டு, தரைத்தகடு எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முழு உடற்கூட்டையேகூட வாங்கலாம். கதவில் இருக்கும் விவரத் தகட்டைக்கூட எழுத்துப் பொறித்துத் தருகிறார்கள். எல்லாம் விலைக்குக் கிடைக்கிற காரில், கிடைக்காதது தொழிற்சாலையில் முதலில் பற்றவைத்த இரும்பு ஒன்றுதான். அதற்குத்தான் நான் பணம் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

மறு ஆண்டு ஜனவரியில் அரிசோனாவின் டூசானில் ஒரு கார் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தது. படங்களில் பார்க்கவே பரிதாபம். வெள்ளை பெயிண்ட் சுண்ணாம்பு பூத்திருந்தது. டேஷ்போர்டின் மேலுறை வறண்ட ஏரிப் படுகையைப் போல வெடித்திருந்தது. ஜன்னல் ரப்பர் எல்லாம் உதிர்ந்திருந்தது. இவையெல்லாம் பாலைவன வெயில் தின்னும் பொருள்கள். வெயில் ரப்பரையும் வினைலையும் தின்னும், இரும்பை விட்டுவிடும். உப்பு நேர் எதிர். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிப்ரவரியில் போனேன். இங்கே காரைச் சுற்றிப் பனியைச் சுரண்டிவிட்டு விமானம் ஏறினேன். அங்கே அரைக்கைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார், அறுபது வயது தாண்டிய மனிதர். கார் அவருடைய அம்மாவுடையது. அம்மா பள்ளி ஆசிரியை, முந்தைய கோடையில் காலமாகியிருந்தார். "முதலில் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். "தண்ணீர் வேண்டும்" என்றேன். குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துக் குளிர்ந்த நீர் கொண்டுவந்தார். விளக்கியதும் தோட்டக் குழாயையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் ஊற்ற, இந்த முறை நான் படுத்தேன். முகத்துக்கு மேலே தகட்டின் அடிப்பாகம், ஹீட்டர் குழாய், ஒயர்கள். நீர் உள்ளே ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது, கூரைத் தகரத்தில் மழை ஓடுவதுபோல. முதலில் இடது ஓரத்திலிருந்து, பிறகு வலது ஓரத்திலிருந்து தரையில் கொட்டும் சத்தம். ஐந்து நிமிடம் படுத்திருந்தேன். கையைத் தூக்கித் தகட்டைத் தடவினேன். தூசி ஒட்டியது. ஈரம் இல்லை.

காந்தம் எல்லா இடத்திலும் பிடித்தது. டிக்கிக் கம்பளத்தை உரித்தபோது தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருந்தது. முன்சக்கர ஸ்பிரிங் தூண்களில் வெடிப்பு இல்லை. சக்கரத்துக்கு நான்கு நட்டுகள்தான். ஆறு சிலிண்டர் காருக்கு நான்கு, எட்டு சிலிண்டருக்கு ஐந்து. தூரத்தில் நின்றே இதைச் சொல்லிவிடலாம். எஞ்சின் பக்கவாட்டில் ஐந்து வட்ட மூடிகள் இருந்தன. மூன்று இருந்தால் சுழல்தண்டுக்கு நான்கு தாங்கிகள் கொண்ட பழைய வார்ப்பு, ஐந்து இருந்தால் ஏழு தாங்கிகள் கொண்ட வார்ப்பு. 1965இன் 200 கன அங்குல எஞ்சினுக்கு ஏழுதான் சரி. கதவுத் தகட்டில் தேதி 18சி. சி என்றால் மார்ச். வண்டி எண்ணின் இரண்டாம் எழுத்து ஆர். அதாவது கலிஃபோர்னியாவில், சான் ஹொசேக்கு அருகே மில்பீட்டஸில் பிறந்த கார். அந்தத் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. அதே கட்டடம் இன்று ஒரு பெரிய வணிக வளாகம். டெட்ராய்ட்டின் பெருமை என்று நாம் நினைக்கிற கார் டெட்ராய்ட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வருடக் காரில் எஞ்சினும் உடலும் ஒரே பிறப்பு என்று எண்ணை வைத்து நிரூபிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1965இல் ஃபோர்டு வண்டி எண்ணை எஞ்சினில் பொறித்தது 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் எஞ்சினில் மட்டும்தான். மற்றவற்றில் வார்ப்புத் தேதி ஒன்றே சாட்சி. அது கார் கட்டிய தேதிக்குச் சில வாரங்கள் முந்தியதாக இருக்க வேண்டும். இந்தக் காரில் பிப்ரவரி என்று இருந்தது. "எண்கள் ஒத்துப்போகும்" என்று சாதாரண 1965 மஸ்டாங்கைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால், எந்த எண், எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

மைல்மானி 38,214 என்று காட்டியது. ஐந்து இலக்கம்தான், லட்சத்தில் மறுபடி பூச்சியத்துக்குப் போய்விடும். 38 ஆயிரமா, ஒரு லட்சத்து 38 ஆயிரமா? கேட்பதற்கு முன்பே மகன் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். அம்மா பென்சிலால் எழுதியது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டபோதும் தேதி, மைல், காலன், விலை. ஆயில் மாற்றினால் ஓரத்தில் ஒரு கோடு. 1983ஆம் ஆண்டுப் பக்கத்தில் 99,870 என்ற வரிக்கு அடுத்த வரி 00,061. அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் "மறுபடியும் புதிது" என்று ஒரு குறிப்பு. ஆசிரியைகளுக்கே உரிய, சாயாத கையெழுத்து. அந்தப் பக்கத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1967 முதலான கார்களுக்கு ஃபோர்டின் உற்பத்திப் பதிவிலிருந்து அறிக்கை விலைக்குக் கிடைக்கிறது. 1965க்கு அது இல்லை. இந்த நோட்டு அதைவிடப் பெரியது.

பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் 14,500 டாலர் சொன்னார். அவரே, "எஞ்சின் சரியாக இழுப்பதில்லை, மூன்று கார்பரேட்டர் மாற்றிவிட்டோம்" என்று 700 டாலர் குறைத்தார். உரிமைப் பத்திரத்தில் இருந்த பதினொரு எழுத்தையும் காரில் இருந்த பதினொரு எழுத்தையும் நான் வாசிக்க அவர் சரிபார்த்தார், பிறகு அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன். ஓர் எழுத்து பிசகினாலும் பதிவு அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலையவேண்டி வரும். அரிசோனா முறைப்படி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார்.

காரை உடனே கொண்டுவரவில்லை. பிப்ரவரியில் திறந்த லாரியில் ஏற்றி அனுப்பினால், ஐம்பத்தெட்டு வருடம் உப்புப் படாத அடிப்பாகத்தில் கடைசி நூறு மைலில் மிச்சிகன் சாலைச் சேறு அப்பிவிடும். "மழை பெய்து சாலைகள் கழுவப்பட்டதும் வரவழைக்கிறேன், அதுவரை இங்கேயே இருக்கட்டும்" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அம்மாவும் மழை நாளில் காரை எடுக்கமாட்டார் என்றார். மே இரண்டாம் வாரம் கார் எங்கள் வாசலில் இறங்கியது.

இனி அந்த இழுக்காத எஞ்சின். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலர் இதனால்தான் எஞ்சினையே தூக்கி எறிகிறார்கள். எஞ்சின் வேகம் கூடக்கூட தீப்பொறி கொஞ்சம் முந்தி விழ வேண்டும். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். வழக்கமான டிஸ்ட்ரிபியூட்டரில் சிறு எடைக்கற்கள் சுழன்று விரிந்து அந்த வேலையைச் செய்யும். 1965 ஆறு சிலிண்டரின் டிஸ்ட்ரிபியூட்டரில் எடைக்கற்களே கிடையாது. கார்பரேட்டரிலிருந்து வரும் வெற்றிட இழுப்பு ஒன்றை மட்டுமே நம்பி அது தீப்பொறியை நகர்த்துகிறது. அந்த இழுப்பைச் சரியான அளவில் கலந்து தருவதற்கென்றே ஆட்டோலைட் 1100 கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு வால்வு உண்டு. கார்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இரட்டை மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு வேறொன்றைப் பூட்டினால் நுகம் சாய்ந்துவிடும். கடைகளில் கிடைக்கும் மாற்றுக் கார்பரேட்டர்கள் பலவற்றில் அந்த வால்வு இல்லை. டூசான் காரில் மூன்று முறை மாற்றியும் மூன்றும் வால்வு இல்லாதவை.

பழையதை என்ன செய்தீர்கள் என்று மகனுக்குத் தொலைபேசியில் கேட்டேன். அம்மா எதையும் எறிந்ததில்லை என்றார். பத்து நாளில் ஒரு காப்பி டப்பா தபாலில் வந்தது. உள்ளே பழந்துணியில் சுற்றிய ஆட்டோலைட் 1100, வால்வோடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து அதைப் பிரித்தேன். துளைகளில் பழுப்பு அரக்கு போலப் பெட்ரோல் உறைந்திருந்தது. கரைப்பானில் ஊறவைத்து, மெல்லிய செப்புக் கம்பியால் ஒவ்வொரு துளையாகத் திறந்து, உள்ளிருக்கும் தோல் வாஷரையும் ரப்பர் சவ்வுகளையும் மாற்றினேன். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. மறுநாள் மாலை பூட்டி ஓட்டினேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது ஒரு தயக்கமும் இல்லாமல் கார் முன்னே போனது. 120 குதிரைத்திறன்தான். அது போதும்.

ஒன்றை மட்டும் மாற்றினேன். 1965இல் பிரேக் ஆயில் ஒரே அறையில் இருக்கும். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் ஃபோர்டு இரட்டை அறை வைத்தது. என் மகளை ஏற்றிக்கொண்டு போகிற காரில் அந்த ஒற்றை அறையை வைத்திருக்க நான் சம்மதிக்கமாட்டேன். இரட்டை அறைக்கு மாற்றி, பழையதை எண்ணெய் தடவிச் சுற்றி, கார்பரேட்டர் வந்த அதே காப்பி டப்பாவில் வைத்திருக்கிறேன். அசல் தன்மையை வலியுறுத்தும் சேகரிப்பாளர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. சுண்ணாம்பு பூத்த பெயிண்டையோ வெடித்த டேஷ்போர்டையோ தொடவில்லை. ஜன்னல் ரப்பர் மட்டும் புதிது.

மிச்சிகனில் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காருக்குத் தனி நம்பர் பலகை கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், சங்கக் கூட்டம், பழுது பார்த்து ஓட்டிச் சோதிப்பது, இவ்வளவுதான். ஆனால் ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு. அந்த மாதம் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். அதே ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமையில் வுட்வர்டு சாலையில் பழைய கார்களின் பெருங்கூட்டம், 1995இலிருந்து. ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இன்று பாண்டியாக் நகரம் வரை நீள்கிறது. முதல் வருடம் மனைவியும் மகளும் மதுரை நண்பரும் ஏறிக்கொள்ள, எட்டு சிலிண்டர்களின் உறுமலுக்கு நடுவே எங்கள் வெள்ளைக் கார் தையல் இயந்திரம் போல ஓடியது. ராயல் ஓக்கில் சிக்னலுக்கு நின்றபோது நடைபாதையில் மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்து, விரலால் நான்கு நட்டையும் எண்ணினார். "ஆறு சிலிண்டர்! விட்டுவைத்திருக்கிறீர்களே" என்று கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். பச்சை விழுந்துவிட்டது, பேச முடியவில்லை.

இந்த வருடம் நவம்பர் இரண்டாம் வாரம், இரவு பதினோரு மணிக்கு, எங்கள் தெருவில் முதல் உப்பு லாரி போனது. படுக்கையிலிருந்தே அந்தச் சத்தம் தெரியும், சரளைக் கல்லை வாரி இறைத்ததுபோல. எழுந்து கராஜுக்குப் போனேன். கார் இரண்டு நாளுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. டேங்க் நிரம்ப எத்தனால் இல்லாத பெட்ரோல், பேட்டரி கழற்றி அலமாரியில், சக்கரங்களுக்கு அடியில் மரப்பலகை. முன்கண்ணாடிக்குக் கீழே அந்தத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேப்பிள் இலைக் காம்பு ஒன்று கிடந்தது. மகளுடைய நீளமான இடுக்கியால் அதை எடுத்துவிட்டு, விளக்கை அணைத்தேன்.